ஆங்கில மெயிலை எப்படி முடிப்பது? 'டியர்' பார்த்து 'யுவர்ஸ்' போடுங்கள்

ஆங்கிலத்தில் மெயில் எழுத உட்காரும் பலர் நடுவில் இருக்கிற விஷயத்தை எப்படியோ எழுதிவிடுகிறார்கள், கடைசி இரண்டு வரிக்கு வந்ததும்தான் கை நின்றுவிடுகிறது. யுவர்ஸ் சின்சியர்லியா, யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலியா, வெறும் ரிகார்ட்ஸ் போதுமா? பட்டியலை மனப்பாடம் செய்யவே வேண்டாம், எப்படி முடிக்க வேண்டும் என்பதை உங்கள் முதல் வரியே சொல்லிவிடும். ஒரு வேலை விண்ணப்பத்தை எழுதிப் பார்ப்போம்.

படி 1: யாருக்கு?

பெயர் தெரியுமா, தெரியாதா என்பதுதான் இங்கே கேள்வி. விளம்பரத்திலோ நிறுவனத்தின் இணையதளத்திலோ கொஞ்சம் தேடுங்கள், கிடைத்தால் 'டியர் மிஸ்டர் செந்தில்' என்று தொடங்குங்கள். பெண் என்றால் எம், எஸ் என்ற இரண்டெழுத்துச் சுருக்கம். அவருக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்பது நமக்குத் தேவையில்லை, நாமாக ஊகித்து மிஸஸ் போட வேண்டாம். பெயர் கிடைக்கவே இல்லையா, 'டியர் சார் ஆர் மேடம்'. 'ரெஸ்பெக்டட் சார்' நம் பள்ளிக்கூடத்திலும் அரசு அலுவலகத்திலும் வழக்கம்தான், ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் மெயிலில் டியரே போதும், மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

படி 2: வந்த விஷயம்

'ஐ ஆம் ரைட்டிங் டு அப்ளை ஃபார் த போஸ்ட் ஆஃப் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட்.' சுற்றி வளைக்காமல் இப்படி ஆரம்பியுங்கள். 'ஐ ஆம் ரைட்டிங் டு' வரை அப்படியே வைத்துக்கொண்டு, விசாரிக்க 'என்கொயர் அபவுட்', புகார் சொல்ல 'கம்ப்ளெயின் அபவுட்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

படி 3: கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' நம் அலுவலகங்களில் தினமும் ஓடுகிற வாக்கியம். அதில் எனக்கு இருக்கும் வருத்தம் ஒன்றுதான்: படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதே இல்லை. 'குட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம் த இன்டர்வியூ டேட்?' என்று கேட்டால் பதில் வரும். 'ப்ளீஸ் ரிவர்ட்' என்பதும் அப்படித்தான், இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் புரியும், லண்டனில் இருப்பவர் குழம்பக்கூடும். 'ப்ளீஸ் ரிப்ளை' எங்கும் புரியும்.

படி 4: முடிவுக்கு முந்தைய வரி

'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.' இங்கேதான் நிறையப் பேர் 'டு ஹியர்' என்று எழுதிவிடுகிறார்கள். 'ஐ வான்ட் டு கோ'வில் வரும் டு வேறு, இது வேறு. 'லுக் ஃபார்வர்ட் டு த மீட்டிங்' என்று சொல்கிறோம் இல்லையா, அதாவது இந்த டு-வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்து உட்கார வேண்டும், வினைச்சொல்லை அங்கே வைக்க வேண்டுமானால் ஐ-என்-ஜி சேர்த்துத்தான் வைக்க முடியும். ஹியரிங், மீட்டிங், வொர்க்கிங் எல்லாம் அதே கணக்குதான். இது முழு வாக்கியம், முற்றுப்புள்ளி வையுங்கள்.

படி 5: முடிவு

இப்போது முதல் வரியைத் திரும்பிப் பாருங்கள். பிரிட்டிஷ் வழக்கப்படி 'டியர் சார் ஆர் மேடம்' என்றால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி', பெயர் சொல்லி அழைத்திருந்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. சார் வந்தால் ஃபெய்த்ஃபுலி, பெயர் வந்தால் சின்சியர்லி, அவ்வளவுதான். அமெரிக்காவுக்கு எழுதுகிறீர்களா, இந்தப் பிரிவினையே தேவையில்லை. அங்கே ஃபெய்த்ஃபுலி புழக்கத்தில் இல்லை, 'சின்சியர்லி' என்று போட்டால் போதும்.

லீவ் லெட்டரில் நாம் எழுதிப் பழகிய 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'யைத் தலைமை ஆசிரியருக்கே விட்டுவிடுங்கள். வேலை கேட்கும் இடத்தில் கீழ்ப்படிகிறேன் என்று எழுதி நம்மை நாமே இறக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

படி 6: எழுத்தும் குறியும்

யுவர்ஸில் எஸ்-க்கு முன்னால் மேலே கொக்கி போடக் கூடாது, பலரும் போடுகிறார்கள். சின்சியர்லியில் எல்-க்கு முன்னால் ஈ உண்டு, ஃபெய்த்ஃபுலியில் இரண்டு எல். முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து, கடைசியில் ஒரு காற்புள்ளி, அடுத்த வரியில் உங்கள் முழுப் பெயர், அதற்குக் கீழே தொலைபேசி எண்.

சரி, இரண்டு மூன்று மெயில் போய் வந்து, அவரும் உங்களைப் பெயர் சொல்லி எழுத ஆரம்பித்துவிட்டார் என்றால் 'கைண்ட் ரிகார்ட்ஸ்' அல்லது 'பெஸ்ட் ரிகார்ட்ஸ்' என்று இறங்கி வரலாம். தெரிந்தவருக்கு 'பெஸ்ட் விஷஸ்' நன்றாக இருக்கும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உடன் வேலை செய்பவர்கள் பலர் 'சியர்ஸ்' என்றே முடிப்பார்கள், அதை நீங்களாக முதலில் தொடங்காமல் அவர்கள் எழுதிய பிறகு எழுதுங்கள். 'லவ்' என்று முடிப்பது வீட்டாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் மட்டும்.