கூழாங்கல் கொட்டுவதற்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

வாசல் பக்கம் இருக்கும் பழைய பாத்தியைச் சுத்தம் செய்து, ஓரம் கட்டி, கூழாங்கல்லைப் பரப்பிவிட்டால் அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்று நிறைய பேர் நம்புகிறார்கள். வேலை குறையும், உண்மைதான். ஆனால் எவ்வளவு குறையும் என்பது கல்லுக்கு அடியில் நீங்கள் செய்யும் வேலையைப் பொறுத்தது.

பெரிய தவறு, கோரையை மேலாக வெட்டிவிட்டு உடனே கல்லைக் கொட்டுவது. கோரை மண்ணுக்குள் கிழங்கு வைத்துப் பரவுகிறது, அதன் முளை பிளாஸ்டிக் ஷீட்டையே குத்திக்கொண்டு மேலே வரும். அதனால் மண்ணை ஆழமாகக் கொத்தி, அந்தச் சின்னக் கறுப்புக் கிழங்குகளைக் கையால் பொறுக்கி எடுத்து, தண்ணீர் விட்டு இரண்டு மூன்று வாரம் சும்மா விடுங்கள், திரும்ப முளைப்பதையும் கிழங்கோடு தோண்டி எடுத்த பிறகு கல்லைப் பற்றி யோசிக்கலாம்.

அடுத்தது, களை வராமலிருக்கக் கல்லுக்கு அடியில் விரிக்கிற கறுப்பு பாலித்தீன் ஷீட். தயவுசெய்து போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும், செடியின் வேருக்குக் காற்றும் போகாது. தண்ணீர் இறங்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி போடலாம், அதுவும் கல் மண்ணுக்குள் புதையாமல் இருக்கத்தான். களையை அது முழுசாகத் தடுக்காது, ஏனென்றால் கல் இடுக்கில் சேரும் தூசியிலும் மக்கிய இலையிலும் விதை விழுந்து மேலிருந்தே முளைக்கும்.

வெள்ளை மார்பிள் சில்லு பார்க்க அழகு, ஆனால் இட்லிப்பூச் செடி இருக்கும் பாத்திக்கு அது வேண்டவே வேண்டாம். மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல், நாளாக ஆக மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடும், மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இலை மஞ்சளாகிப் போகும். அந்த இடத்துக்கு ஆற்றுக் கூழாங்கல்லோ கருங்கல் ஜல்லியோ சரி. எந்தக் கல்லானாலும் தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் தள்ளியே போடுங்கள், சித்திரை வெயிலில் கல் சூடேறும்போது இளம் தண்டு தாங்காது.

ஓரத்துக்குச் செங்கல்லோ கடப்பா கல்லோ வைக்கும்போது மண்மேல் அப்படியே நிறுத்தினால் முதல் மழையிலேயே சாய்ந்துவிடும். மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருக்கட்டும். ஓரம் முழுக்க சிமென்ட் பூசி அடைத்துவிடாமல், தண்ணீர் வெளியேற அங்கங்கே இடுக்கு விடுங்கள்.

கல்லைக் குறைத்து வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. 10 அடிக்கு 3 அடி பாத்தியில் 2 அங்குலம் பரப்ப 5 கன அடி கல் வேண்டும், அதாவது 200 கிலோவுக்குச் சற்று மேல், 50 கிலோ மூட்டையானால் நாலுக்கும் கொஞ்சம் கூட. இரண்டு மூட்டையை இழுத்துப் பரப்பினால் மண் தெரியும், வெயில் படும், களை வரும்.

வேப்பமரத்தடியில் மட்டும் கல் போடாதீர்கள். அங்கே உதிரும் சருகைக் கல் இடுக்கிலிருந்து எடுத்து மாளாது, அந்தச் சருகையே மூடாக்காக விட்டுவிடலாம்.