10 சதுர அடி, 10 அடி சதுரம், 10 சதுரம்: பரப்பளவைக் குழப்பமில்லாமல் சொல்வது எப்படி?

ஒரு மேசையின் மேல் போடக் கண்ணாடி வெட்டச் சொல்லியிருந்தேன். மேசை நாலடிக்கு நாலடி. அளவை எழுதி அனுப்பும்போது "4 சதுர அடி கண்ணாடி" என்று எழுதிவிட்டேன், வந்தது இரண்டுக்கு இரண்டு. வெட்டியவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, 4 சதுர அடி என்றால் அவ்வளவுதான். எனக்கு வேண்டியிருந்தது 16 சதுர அடி, நான் கேட்டதோ அதில் நாலில் ஒரு பங்கு. கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை, சொன்ன விதம்தான் தவறு. நிறையப் பேர் இதே இடத்தில்தான் தடுக்குகிறார்கள் என்பதால், பெருக்கல் மட்டும் தெரிந்தவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்து எழுதுகிறேன். கட்டம் போட்ட தாள் ஒன்றும் பென்சிலும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

படி 1: எண் எதோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்

இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: 10 சதுர அடி. 10 அடி சதுரம். 10 சதுரம்.

முதலாவதில் "சதுர அடி" என்பது பிரிக்க முடியாத ஒரே சொல், சிலர் சதுரடி என்று சேர்த்தே எழுதுவதும் அதனால்தான். ஓரடிக்கு ஓரடி அளவுள்ள கட்டங்கள் பத்து, அவ்வளவுதான் அதன் பொருள். அந்தப் பத்தும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அது சொல்வதில்லை. இரண்டாவதில் எண் "அடி"யோடு ஒட்டிக்கொள்கிறது, பத்தடி என்பது ஒரு நீளம், சதுரம் என்பது ஒரு வடிவம். ஒவ்வொரு பக்கமும் பத்தடி உள்ள சதுரம் என்று பொருள், அதன் பரப்பு 100 சதுர அடி. மூன்றாவது கட்டட வேலை செய்பவர்களின் பேச்சில் வருவது. அவர்கள் கணக்கில் ஒரு சதுரம் என்றால் 100 சதுர அடி, ஆக 10 சதுரம் என்பது 1000 சதுர அடி. அமெரிக்காவில் கூரை போடுகிறவர்களும் இதே 100 சதுர அடியை ஒரு ஸ்கொயர் என்றுதான் சொல்கிறார்கள்.

ஆக அதே பத்து, அதே சதுரம், ஆனால் விடை 10, 100, 1000. இந்த மூன்றையும் தாளின் மேல்பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஏன் இது இவ்வளவு சுலபமாகக் குழம்புகிறது என்று யோசித்துப் பார்த்தேன். சதுர அடி என்றால் என்ன என்று யாருக்காவது விளக்கும்போது நாம் எல்லோருமே ஓரடிக்கு ஓரடி கட்டம் ஒன்றை வரைந்து "இதுதான் 1 சதுர அடி" என்கிறோம். அந்த ஓர் இடத்தில் மட்டும் 1 சதுர அடியும் 1 அடி சதுரமும் ஒன்று. அதைப் பார்த்துப் பழகிய மனசு, 2 சதுர அடி என்றதும் இரண்டுக்கு இரண்டு கட்டத்தை நினைத்துக்கொள்கிறது, 3 என்றதும் மூன்றுக்கு மூன்று. ஒன்றைத் தாண்டியதும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன, எண் பெரிதாகப் பெரிதாக இடைவெளியும் கூடிக்கொண்டே போகிறது. ஒன்றுக்குக் கீழே போனால் தலைகீழ்: அரை சதுர அடி என்பது 72 சதுர அங்குலம், அரை அடி சதுரம் என்பது ஆறுக்கு ஆறு அங்குலம், வெறும் 36 சதுர அங்குலம்.

படி 2: கட்டம் போட்டு எண்ணிப் பாருங்கள்

இதைத் தாவிவிட்டுப் போகாதீர்கள். தாளில் ஒரு கட்டத்தை ஓரடி என்று வைத்துக்கொண்டு, பக்கம் மூன்று கட்டம் உள்ள சதுரம் ஒன்று வரையுங்கள், உள்ளே எண்ணினால் ஒன்பது. இது 3 அடி சதுரம். பக்கத்திலேயே வரிசையாக மூன்றே மூன்று கட்டங்களுக்குக் கோடு போடுங்கள், இது 3 சதுர அடி. இரண்டையும் ஒரே தாளில் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

அடுத்து 12 கட்டங்களை எடுத்துக்கொண்டு வேறு வேறு மாதிரி அடுக்குங்கள். 4க்கு 3 ஆக அடுக்கினால் சுற்றி வர 14 அடி, 6க்கு 2 என்றால் 16 அடி, 12க்கு 1 என்றால் 26 அடி. மூன்றுமே 12 சதுர அடிதான். அதனால்தான் "அறை 120 சதுர அடி" என்று மட்டும் சொல்கிறவரிடம் சுவரோரமாகப் பட்டை ஒட்ட எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது, அதற்கு நீளமும் அகலமும் தெரிய வேண்டும். சுவரோரப் பட்டை, குழாய், கம்பி, வேலி போன்றவற்றையெல்லாம் ரன்னிங் ஃபீட் என்ற கணக்கில் சொல்வார்கள், அது நீளம் மட்டும். சதுர அடியோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. நாலுக்கு நாலு சதுரத்தில் மட்டும் பரப்பு 16, சுற்றளவும் 16 என்று வந்து கண்ணை ஏமாற்றும், அதை உதாரணமாக வைத்து யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

கட்டத்தில் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. பக்கத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் பரப்பு இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். இது இன்று நேற்று வந்த தடுமாற்றம் இல்லை. பிளேட்டோ எழுதிய மேனோ என்ற உரையாடலில், கணக்கே படிக்காத ஒரு சிறுவனிடம் சாக்ரடீஸ் இரண்டடிக்கு இரண்டடி சதுரம் ஒன்றைக் காட்டி, இதைப்போல இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரத்துக்குப் பக்கம் எவ்வளவு என்று கேட்பார். நாலடி என்பான் சிறுவன், வரைந்து எண்ணினால் 16 வரும், வேண்டியது 8. சரி, மூன்றடி என்பான், 9 வரும். கடைசியில் முதல் சதுரத்தின் மூலைக்கு மூலை போட்ட கோடுதான் புதிய சதுரத்தின் பக்கம் என்று அவனே கண்டுகொள்வான். உங்கள் தாளிலும் வரைந்து பாருங்கள், சாய்ந்து நிற்கும் அந்தச் சதுரத்துக்குள் எட்டுக் கட்டம் அளவு சரியாக இருக்கும்.

படி 3: அளக்கும்போது அங்குலத்தைப் புள்ளிக்குப் பின்னால் போடாதீர்கள்

சொல்லில் வரும் தவறுக்கு அடுத்தபடியாக அதிகம் நடப்பது இது. நாடாவில் 10 அடி 6 அங்குலம் வருகிறது, தாளில் 10.6 என்று எழுதுகிறோம், அப்படியே கால்குலேட்டரில் தட்டுகிறோம். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், பத்து இல்லை. 6 அங்குலம் என்பது அரை அடி, அதனால் 10.5 என்று எழுத வேண்டும். 3 அங்குலம் .25, 9 அங்குலம் .75, 4 அங்குலம் .33, மற்றதற்கு அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

அறை 10 அடி 6 அங்குலத்துக்கு 10 அடி 6 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 10.5 × 10.5 = 110.25 சதுர அடி. 10.6 என்று போட்டிருந்தால் 112.36 என்று வரும், இரண்டு சதுர அடி சும்மா கூடிவிட்டது. வேறு சிலர் பத்தையும் பத்தையும் தனியாகப் பெருக்கி, ஆறு அங்குலத்தையும் ஆறு அங்குலத்தையும் தனியாகப் பெருக்கிக் கூட்டுவார்கள், 100 சதுர அடி 36 சதுர அங்குலம் என்று வரும், அதாவது 100.25. பத்து சதுர அடி எங்கே போனது? படம் வரைந்தால் தெரியும். பத்துக்குப் பத்து பெரிய சதுரத்தை ஒட்டி, பத்தடி நீளமும் அரையடி அகலமும் உள்ள பட்டைகள் இரண்டு இருக்கின்றன, ஒவ்வொன்றும் 5 சதுர அடி. அவர்கள் மூலையில் இருக்கும் குட்டிச் சதுரத்தை எண்ணிவிட்டு இந்த இரண்டு பட்டைகளையும் விட்டுவிட்டார்கள்.

தசமம் பிடிக்காதவர்கள் எல்லாவற்றையும் அங்குலமாக்கிப் பெருக்கலாம்: 126 × 126 = 15,876 சதுர அங்குலம். இதைச் சதுர அடியாக்க 144ஆல் வகுக்க வேண்டும். 12ஆல் வகுத்தால் 1323 என்று வந்து நிற்கும், ஓர் அறைக்கு அது எவ்வளவு பெரிய எண் என்று பார்த்தாலே தவறு தெரிந்துவிடும்.

படி 4: டைல், வட்டம், எல் வடிவ அறை

எல் வடிவ அறை என்றால் இரண்டு செவ்வகமாகப் பிரித்துத் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக் கூட்டுங்கள், முக்கோண மூலை என்றால் அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பாதி. இதில் சொல்ல அதிகம் இல்லை.

வட்டத்தில் மறுபடி சொல் விளையாடுகிறது. "10 அடி வட்டம்" என்று ஒருவர் சொன்னால் குறுக்களவு பத்தா, மையத்திலிருந்து பத்தா? குறுக்களவு பத்து என்றால் பரப்பு சுமார் 78.5 சதுர அடி, மையத்திலிருந்து பத்து என்றால் சுமார் 314. "குறுக்கே 10 அடி" என்று சொல்லிவிட்டால் சந்தேகமே வராது.

டைலில் இரண்டடிக்கு இரண்டடி உள்ளதை "2 சதுர அடி டைல்" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. அது 4 சதுர அடி. 120 சதுர அடி தரைக்கு, வெட்டிக் கழிவதை விட்டுப் பார்த்தால், 30 போதும், அந்தச் சொல்லை நம்பினால் 60 வாங்கச் சொல்லும். விலை கேட்கும்போதும் ஒரு டைலுக்கா, சதுர அடிக்கா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: வேறு அளவுக்கு மாற்றும்போது இரண்டு தடவை மாற்றுங்கள்

ஒரு மீட்டர் சுமார் 3.28 அடி. இது மனப்பாடமாக இருப்பதால் 50 சதுர மீட்டரை 3.28ஆல் பெருக்கி 164 சதுர அடி என்று எழுதிவிடுகிறார்கள். நீளமும் மாறுகிறது, அகலமும் மாறுகிறது, ஆகவே 3.28ஆல் இரண்டு தடவை பெருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி, 50 சதுர மீட்டர் சுமார் 538 சதுர அடி. இதே காரணத்தால்தான் மூன்றடி கொண்ட கஜத்தில் ஒரு சதுர கஜம் 3 சதுர அடி இல்லை, 9 சதுர அடி.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதைச் சதுரமாக நினைத்துப் பார்த்தால் பக்கம் சுமார் 208.7 அடிதான். எண் எவ்வளவு பெரியது, நடந்து கடக்கும் தூரம் எவ்வளவு சின்னது என்று பார்த்தால் சதுர அடிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம் உடம்பிலேயே பதிந்துவிடும்.

படி 6: எழுதி அனுப்பும் வாக்கியம்

என் அனுபவத்தில் சதுர அடியை மட்டும் தனியாக எழுதவே கூடாது, முதலில் இரு பக்கங்களையும் அலகோடு எழுதி, கடைசியில்தான் பரப்பைச் சொல்ல வேண்டும். "12 × 10 சதுர அடி" என்று எழுதுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை, கணக்குப்படி 120 வந்தாலும் 12ம் 10ம் நீளங்கள், அவற்றின் பக்கத்தில் அடி என்றுதான் இருக்க வேண்டும். "நூறு அடி ரூம்" என்று சதுரத்தை விழுங்கிவிட்டுப் பேசுவதை நேரில் பேசும்போது பொறுத்துக்கொள்ளலாம், எழுத்தில் வேண்டாம்.

அப்புறம், எங்கிருந்து எங்கே அளந்தீர்கள் என்பதையும் சேருங்கள். முக்கால் அடி கனமுள்ள சுவர் நாலு பக்கமும் இருந்தால், உள்ளே பத்துக்குப் பத்து உள்ள அறை வெளியே அளந்தால் பதினொன்றரைக்குப் பதினொன்றரை, அதாவது 100 சதுர அடி 132.25 ஆகிவிடுகிறது. இரண்டுமே உண்மையான அளவுதான், எது என்று சொல்லாவிட்டால் கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

நான் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்:

"வரவேற்பறைத் தரை. சுவரின் உள்பக்க அளவு: நீளம் 12 அடி, அகலம் 10 அடி 6 அங்குலம். மொத்தம் 126 சதுர அடி."

எதிர்ப்பக்கத்திலிருந்து "6 சதுர அடி வேண்டும்" என்று யாராவது எழுதினால், சரி என்று சொல்லிவிடாமல் "பக்கம் ஆறடியா, மொத்தப் பரப்பே ஆறா?" என்று திருப்பிக் கேளுங்கள். பக்கம் ஆறடி என்றால் 36, மொத்தமே ஆறு என்றால் மூன்றுக்கு இரண்டாகவோ ஆறுக்கு ஒன்றாகவோ இருக்கலாம். என் கண்ணாடியை வெட்டுவதற்கு முன்னால் யாராவது இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், மேசைக்குச் சரியான அளவில் அன்றைக்கே வந்திருக்கும்.