புதிய கணினியில் பழைய விண்டோஸ்: இரண்டையும் அருகருகே நிறுவும் முறை

இப்போது வாங்கும் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11 இயங்குதளத்துடனேயே வருகின்றன. நம்முடைய பழைய ஸ்கேனருக்கோ, பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் கணக்கு மென்பொருளுக்கோ, ஆய்வகக் கருவி ஒன்றுக்கோ விண்டோஸ் 10 தான் ஒத்துவரும் என்ற நிலை வரும்போது, புதியதை முழுவதுமாக அழித்துவிட்டுப் பழையதைப் போட்டுவிடலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பே. அப்படிச் செய்ய முடியும் என்றாலும், எதையும் அழிக்காமல் பழையதை அதன் அருகிலேயே நிறுவி, கணினியை இயக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் டூயல் பூட் முறையையே நான் பரிந்துரைக்கிறேன். பழைய இயங்குதளத்தில் ஒலியோ வைஃபையோ வேலை செய்யவில்லை என்பது நிறுவி முடித்த பிறகுதான் தெரியவரும். அந்த நேரத்தில் திரும்பிச் செல்ல ஓர் இடம் இருக்க வேண்டும்.

எந்தப் பழைய பதிப்பு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதை நம் விருப்பத்தைவிட, வன்பொருளை இயங்குதளத்துடன் பேசவைக்கும் சிறு நிரல்களான டிரைவர்களே தீர்மானிக்கின்றன. 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7-இல் யூஎஸ்பி 3.0-க்கான டிரைவரும் என்விஎம்இ எனும் வேகமான வகை எஸ்எஸ்டி வட்டுக்கான டிரைவரும் இயல்பாக இல்லை. ஆகவே இன்றைய கணினியில் அதன் நிறுவல் திரை வந்தாலும், யூஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் அசையாமல் நின்றுவிடுவதும், வட்டு கண்ணில் படாமல் போவதும் சாதாரணமாக நடக்கும். நம்பகமான இயங்குதளங்களை மட்டுமே துவங்கவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பையும் அது ஏற்காது. புதிய மதர்போர்டுகள் பலவற்றில், கணினியைத் துவக்கும் அடிப்படை நிரலான பயாஸின் பழைய முறையில் இயக்கும் வசதியே நீக்கப்பட்டுவிட்டது. இன்டெலின் ஏழாம் தலைமுறை முதலான செயலிகளில் விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு தரவும் இல்லை. 2020 ஜனவரி 14-உடன் அந்தப் பதிப்புக்கான பொதுவான ஆதரவே முடிந்துவிட்டது. எனவே புதிய கணினியில் நேரடியாக நிறுவுவதற்கு நடைமுறையில் தகுந்த பழைய பதிப்பு விண்டோஸ் 10 மட்டுமே. அதிலும் அதன் கடைசி வெளியீடான 22எச்2-வையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தனிநபர் கணினிகளுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிவு செய்தாலும் 2026 அக்டோபர் 13 வரைதான் அது நீளும். வங்கி வேலை, மின்னஞ்சல், அன்றாட இணையப் பயன்பாடு ஆகியவற்றை விண்டோஸ் 11-இலேயே வைத்துக்கொண்டு, எந்த வேலைக்காகப் பழையதை நிறுவுகிறோமோ அந்த வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவதே சரி.

இன்னும் பழைய மென்பொருள்தான் தேவை என்றால், வட்டில் கை வைக்கவே வேண்டியதில்லை. கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியைப் போல இயங்கும், விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி மென்பொருளுக்குள் விண்டோஸ் 7-ஐயோ எக்ஸ்பியையோ நிறுவிக்கொள்ளலாம். 16-பிட் காலத்து நிரல்களுக்கு இதுவே ஏறத்தாழ ஒரே வழி. அவை 32-பிட் விண்டோஸில் மட்டுமே ஓடும், விண்டோஸ் 11-க்கோ 32-பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-இன் 32-பிட் பதிப்பு உண்டு என்றாலும், 64-பிட் யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த துவக்க நிரல்) கொண்ட புதிய கணினியில் அது நேரடியாகத் துவங்காது. கிராஃபிக்ஸ் கார்டின் முழு வேகம் தேவைப்படும் வேலைகளுக்கும், மெய்நிகர் கணினிக்குள் பிடிகொடுக்காத வன்பொருளுக்கும்தான் டூயல் பூட் உண்மையில் தேவைப்படுகிறது.

உரிமம் பற்றியும் ஒரு சொல். கணினியுடன் வந்த விண்டோஸ் 11 புரோ பதிப்பு என்றால், அதற்குப் பதிலாக விண்டோஸ் 10 புரோவைப் பயன்படுத்தும் உரிமை அந்த உரிமத்திலேயே அடங்கியிருக்கிறது. ஹோம் பதிப்புக்கு அந்த உரிமை இல்லை. இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்வதானால் இரண்டாவதற்குத் தனி உரிமம் வேண்டும்.

வட்டைத் தொடுவதற்கு முன்

இந்த வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. கோப்புகளை வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்த பின், விண்டோஸ் 11-இல் உள்ள ரெக்கவரி டிரைவ் கருவியைக் கொண்டு ஒரு பென் டிரைவில் மீட்பு வட்டை உருவாக்கிக்கொள்ளுங்கள். அடுத்து, கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலின் எண்ணைக் கொடுத்து, டிரைவர் பட்டியலில் விண்டோஸ் 10 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி கவலை தீர்ந்தது. இல்லாவிட்டால் செயலி, வைஃபை, ஒலி, கிராஃபிக்ஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதன் சில்லுத் தயாரிப்பாளரிடம் விண்டோஸ் 10 டிரைவர் கிடைக்கிறதா என்று தனித்தனியே தேட வேண்டும்; வைஃபைக்கும் வட்டுக்கும் கிடைக்கவில்லை என்றால் முயற்சியை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

அதிகம் பேரைக் கலங்கடிப்பது பிட்லாக்கர் என்ற வட்டுக் குறியாக்க வசதி. வாங்கிய கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டு நுழைந்திருந்தால், நாம் கேட்காமலேயே வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கக்கூடும். பயாஸ் அமைப்புகளில் செக்யூர் பூட்டையோ பூட் வரிசையையோ மாற்றிய அடுத்த முறை, வழக்கமான நுழைவுத் திரைக்குப் பதிலாக 48 இலக்க மீட்பு விசையைக் கேட்கும் நீலத் திரை வந்து நிற்கும். அந்த விசை கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகளை எவராலும் எடுத்துத் தர முடியாது. எனவே அமைப்புகளில் தனியுரிமையும் பாதுகாப்பும் என்ற பகுதியில் சாதனக் குறியாக்கம் இயங்குகிறதா என்று பாருங்கள்; இயங்கினால் மீட்பு விசையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, குறியாக்கத்தை அணைத்து, அது முழுவதும் நீங்கும் வரை காத்திருங்கள். வேலையெல்லாம் முடிந்த பிறகு மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் அணைத்துவிட வேண்டும். அது இயங்கும்போது, கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுமையாக மூடப்படாமல், தன் உள்நிலையை வட்டில் எழுதிவிட்டு உறங்குகிறது. அந்த நிலையில் மற்றொரு விண்டோஸ் எழுந்து அதே வட்டில் எழுதினால் கோப்பு அமைப்பு குழம்பிவிடும். ஒவ்வொரு முறை துவங்கும்போதும் வட்டைச் சோதிக்கும் திரை வருவதற்கு அடிக்கடி இதுவே காரணம். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் இதை அணைக்கலாம். பின்னர் விண்டோஸ் 10-இலும் இதே மாற்றத்தைச் செய்ய வேண்டும்.

இடம் ஒதுக்குதல்

டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியைத் திறந்து, சி பார்ட்டிஷன் (வட்டின் ஒரு பிரிவு) மீது வலது சொடுக்கிட்டு, ஷ்ரிங்க் வால்யூம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-க்குக் குறைந்தபட்சம் 32 ஜிபி தேவை என்று மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. புதுப்பிப்புகளுக்கும் மென்பொருளுக்கும் சேர்த்து 100 ஜிபி ஒதுக்கினால் பின்னால் நெருக்கடி இருக்காது. வட்டில் இடம் நிறைய இருந்தும் மிகக் குறைவாகவே சுருக்க முடியும் என்று காட்டினால், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் இருக்கின்றன என்று பொருள். ஹைபர்நேஷனையும் பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் தற்காலிகமாக அணைத்து, மறுதொடக்கம் செய்து மீண்டும் முயலுங்கள். கிடைத்த இடத்தை ஃபார்மேட் செய்யாமல், ஒதுக்கப்படாத வெற்றிடமாகவே விட்டுவிடுங்கள்.

நிறுவல் பென் டிரைவைத் தயாரிக்க 8 ஜிபி கொண்ட ஒன்று போதும். மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலையே பயன்படுத்தலாம். ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து (நிறுவல் வட்டின் முழு நகல்) ரூஃபஸ் என்ற கருவி மூலம் தயாரிப்பவர்கள், வட்டைப் பிரிக்கும் பார்ட்டிஷன் முறையை ஜிபிடி என்றும் இலக்கை யூஇஎஃப்ஐ என்றும் அமைப்பது கட்டாயம். விண்டோஸ் 11 யூஇஎஃப்ஐ முறையில் இருக்க, விண்டோஸ் 10-ஐப் பழைய பயாஸ் முறையில் துவக்கினால், நிறுவி அந்த ஜிபிடி வட்டை ஏற்க மறுத்துவிடும். முன்பே பதிவிறக்கிய டிரைவர்களையும் அதே பென் டிரைவில் ஒரு தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவுதல்

கணினியை இயக்கியவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றில் உங்கள் தயாரிப்பாளர் வைத்திருக்கும் விசையை அழுத்தினால் பூட் பட்டியல் வரும். ஒரே பென் டிரைவ் இரண்டு வரிகளில் தெரிந்தால், யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10 செக்யூர் பூட்டுடன் நன்றாகவே இயங்கும். அதை அணைக்க வேண்டியதில்லை. நிறுவல் வகையைக் கேட்கும்போது அப்கிரேடு என்பதைத் தவிர்த்து, கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்து வரும் திரையில் வட்டுகளின் பட்டியல் இருக்க வேண்டும். இன்டெலின் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான செயலிகள் கொண்ட கணினிகள் பலவற்றில் அந்தப் பட்டியல் வெறுமையாக இருக்கும். எந்த வட்டும் கிடைக்கவில்லை என்ற ஒரு வரி மட்டும் கீழே தெரியும். எஸ்எஸ்டி பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டாம். விஎம்டி என்ற கட்டுப்படுத்தியின் பின்னால் வட்டு இருக்கிறது. அதற்கான டிரைவர் விண்டோஸ் 10-இன் நிறுவியில் இல்லை, அவ்வளவுதான். லோடு டிரைவர் என்பதைச் சொடுக்கி, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி டிரைவர் உள்ள கோப்புறையைக் காட்டுங்கள். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள்: தளத்திலிருந்து இறங்கும் நிறுவல் கோப்பை அப்படியே வைத்தால் இந்தத் திரைக்கு அது புரியாது. அதை முன்கூட்டியே பிரித்து, உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் கோப்புடன் கூடிய கோப்புறையை வைத்திருக்க வேண்டும். சரியானதைக் காட்டிய சில நொடிகளில் வட்டின் பார்ட்டிஷன்கள் எல்லாம் வரிசையாகத் தோன்றும். பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவது இதைவிட எளிது என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் வட்டு தெரியும், ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் 11 துவங்காமல் நீலத் திரையில் நின்றுவிடக்கூடும்.

பட்டியலில் சில நூறு எம்பி கொண்ட சிஸ்டம் பார்ட்டிஷன், 16 எம்பி ரிசர்வ்டு பார்ட்டிஷன், பெரிய சி, தயாரிப்பாளரின் மீட்புப் பகுதி ஆகியவற்றுக்கு இடையே நீங்கள் சுருக்கி எடுத்த வெற்றிடம் இருக்கும். பெயரை நம்பாமல் அளவைப் பார்த்து அந்த வெற்றிடத்தைத் தேர்ந்தெடுத்து அடுத்ததற்குச் செல்லுங்கள். டெலீட், ஃபார்மேட் ஆகிய இரண்டு பொத்தான்களுக்கும் இந்தத் திரையில் நமக்கு வேலையே இல்லை. விண்டோஸ் 11-ஐ அடியோடு நீக்க முடிவு செய்தவர்கள் மட்டுமே, மீட்புப் பென் டிரைவ் சரியாகத் துவங்குகிறதா என்று ஒரு முறை சோதித்துப் பார்த்த பின், இங்கே பழைய பார்ட்டிஷன்களை அழிக்கலாம்.

முதல் துவக்கமும் அதற்குப் பிறகும்

நிறுவல் முடிந்து விண்டோஸ் 10 எழும்போது வைஃபை தெரியாமல் போகலாம். டிரைவர் கோப்புறையிலிருந்து முதலில் நெட்வொர்க் டிரைவரை நிறுவுங்கள். அதுவும் கைகொடுக்கவில்லை என்றால், ஆண்ட்ராய்டு கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினியுடன் பகிரும் டெதரிங் வசதியை இயக்கினால், தனி டிரைவர் எதுவும் இல்லாமலேயே இணையம் கிடைத்துவிடும்.

கணினியை மறுதொடக்கம் செய்தால் இரண்டு விண்டோஸ்களையும் காட்டும் பட்டியல் வர வேண்டும். விண்டோஸ் 11 அதில் இல்லையென்றால், அது அழிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். பட்டியலில் அதன் பதிவு மட்டுமே விடுபட்டிருக்கும். விண்டோஸ் 10-இல் நிர்வாகி உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பிசிடிபூட் என்ற கட்டளையை, விண்டோஸ் 11 இருக்கும் பார்ட்டிஷனின் விண்டோஸ் கோப்புறையைச் சுட்டி இயக்கினால் பதிவு திரும்ப வந்துவிடும். ஒவ்வொரு விண்டோஸும் தன் பார்ட்டிஷனையே சி என்று காட்டும் என்பதால், எழுத்தைச் சரிபார்த்த பிறகே கட்டளையைத் தட்டச்சு செய்யுங்கள். எது இயல்பாகத் துவங்க வேண்டும், பட்டியல் எத்தனை நொடிகள் நிற்க வேண்டும் என்பவற்றை எம்எஸ்கான்ஃபிக் கருவியின் பூட் பகுதியில் மாற்றலாம்.

பின்னொரு நாள் விண்டோஸ் 10 தேவையில்லை என்று ஆகிவிட்டால், விண்டோஸ் 11-க்குள் இருந்துகொண்டு எம்எஸ்கான்ஃபிக்கில் அதன் பதிவை நீக்கி, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதன் பார்ட்டிஷனை அழித்து, சி-யை நீட்டித்துக்கொள்ளலாம். நீட்டிக்கும் வரி மங்கலாகவே இருந்தால், விண்டோஸ் 10 தனக்கென உருவாக்கிய சிறிய மீட்புப் பார்ட்டிஷன் இடையில் மறித்து நிற்கிறதா என்று பாருங்கள். அதை டிஸ்க்பார்ட் கட்டளையில் ஓவர்ரைடு என்ற சொல்லைச் சேர்த்துத்தான் நீக்க முடியும். விண்டோஸ் 11-க்கும் இதேபோன்ற மீட்புப் பார்ட்டிஷன் ஒன்று அருகிலேயே இருக்கும் என்பதால், அளவையும் வரிசையையும் ஒப்பிட்டு, எது எதனுடையது என்று உறுதி செய்த பிறகே அந்தக் கட்டளையை இயக்குங்கள்.