ஊர்ப் பயணத்துக்கு வேன் பிடிப்பது: சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு

அப்பா அம்மா, அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம் என்று ஒன்பது பத்துப் பேராக ஊருக்குக் கிளம்பும் சிங்கப்பூர்க் குடும்பங்கள், விமானச் சீட்டுக்குப் பல மாதம் முன்னதாகவே விலை பார்க்கத் தொடங்கிவிடுகின்றன. ஆனால் இறங்கியபின் பத்துப் பதினைந்து நாள் எல்லோரும் உட்கார்ந்து வரப்போகும் வண்டியை மட்டும் "மாமா பார்த்துக்குவார்" என்று விட்டுவிடுகிறார்கள். மாமாவும் பார்ப்பார், ஆனால் அவர் பார்ப்பது தலைக்கணக்கு. பத்துப் பேர் என்றால் பன்னிரண்டு சீட் வேன் தாராளம் என்று முன்பணமும் கொடுத்துவிடுவார். பெட்டிகளுக்கான இடமும், பாட்டியின் முழங்காலும், குலதெய்வக் கோயிலுக்குத் திரும்பும் கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர்ச் சாலையும் அந்தக் கணக்கில் வருவதில்லை. வண்டியை முடிவுசெய்ய வேண்டியவை இந்த மூன்றும்தான் என்பது என் கருத்து.

முதலில் பெட்டி. ஆளுக்கு 25 அல்லது 30 கிலோ என்று வைத்துக்கொண்டால், பத்துப் பேருக்குப் பத்துப் பெரிய பெட்டிகளும், அதே அளவு கைப்பைகளும், விமானத்தில் மடித்து வந்த ஒன்றிரண்டு குழந்தைத் தள்ளுவண்டிகளும் திருச்சி விமான நிலைய வாசலில் வந்து நிற்கும். வாடகைக்கு ஓடும் வேன்கள் பெரும்பாலானவற்றில் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய பெட்டியைப் படுக்க வைக்கக்கூட இடம் இருக்காது. எனவே பெட்டிகள் நடைபாதையில் அடுக்கப்படும். நடைபாதை அடைபட்டால் பின்னால் இருப்பவர்கள் அவசரத்துக்கு இறங்க முடியாது. கூரையில் கேரியர் இருந்தால் ஏற்றலாம், ஆனால் கார்த்திகை மழைக்காலத்தில் தார்ப்பாயும் நல்ல கயிறும் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பெட்டித் தொல்லை வந்திறங்கும் நாளிலும் புறப்படும் நாளிலும் மட்டுமே இருப்பதால், அந்த இரண்டு நாளைக்காகப் பதினைந்து நாளும் பெரிய வண்டிக்கு வாடகை கொடுப்பதைவிட, பெட்டிகளை மட்டும் குட்டி யானை என்று ஊரில் சொல்லும் சிறிய சரக்கு வண்டி ஒன்றில் ஏற்றிவிட்டு, உடன் உறவுக்காரப் பையன் ஒருவனை அனுப்பலாம். ஊர் 60 கிலோமீட்டருக்குள் இருந்தால் இதைவிட மலிவான ஏற்பாடு இல்லை. கடப்பிதழ், நகை, மருந்து மூன்றும் உங்கள் கையில் இருக்கட்டும்.

ஊரில் கிடைக்கும் வண்டிகளில் பெரும்பான்மை ஃபோர்ஸ் நிறுவனத்தின் டிராவலர். எல்லோரும் டெம்போ டிராவலர் என்றுதான் சொல்வார்கள். ஒரே பெயரில் குட்டையானது, நடுத்தரம், நீளமானது என்று பல உடலளவுகள் உண்டு. இதே நிறுவனம் 2022இல் கொண்டுவந்த அர்பானியா, அடிச்சட்டமும் மேற்கூடும் ஒரே அமைப்பாக இணைந்த உடல், முன்பக்கக் காற்றுப்பைகள், அகலக் கண்ணாடிகள் ஆகியவற்றோடு வருவதால் நீண்ட தூரத்துக்குச் சுகமானது. வாடகையும் அதற்கேற்ப அதிகம். டாடா விங்கர் சற்றுத் தாழ்வான வண்டி. முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால், அது கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. இங்கே ஜொகூருக்கும் மலாக்காவுக்கும் நாம் எடுத்துப் பழகிய 13 பேர் மினிபஸ்ஸை மனத்தில் வைத்துக்கொண்டு டிராவலரை எதிர்பார்க்கக் கூடாது. டிராவலர் உயரமான, கனத்த வண்டி. பள்ளத்தில் பின்வரிசை தூக்கிப் போடும்.

12 என்ற எண்ணுக்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. இந்திய மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுநரை நீக்கி ஆறு பேருக்கு மேல் பன்னிரண்டு பேர் வரை ஏற்றும் வாடகை வண்டியை மேக்ஸி கேப் என்று வகைப்படுத்துகிறது. அதற்கு மேல் போனால் பெர்மிட், வரி எல்லாம் வேறு கணக்கு. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியிலும் மினி பஸ் கட்டணத்துக்குள் போகக்கூடும். ஆகவே 12 சீட்டிலிருந்து 17 சீட்டுக்குத் தாவும்போது, கிலோமீட்டர் விலை மட்டும்தான் கூடும் என்று எண்ணிவிட வேண்டாம். என் கணக்கு இப்படி: ஏழெட்டுப் பேர் என்றால் வேனே வேண்டாம், இரண்டு இன்னோவா எடுங்கள். ஒன்பதிலிருந்து பதினொரு பேர் வரை 12 சீட் வண்டி. அதற்கு மேல் ஆள் சேர்வது பெரும்பாலும் காதுகுத்து, கிடா வெட்டு போன்ற நாளில்தான்; அந்த ஒரு நாளைக்கு மட்டும் உள்ளூரில் 20 சீட் வண்டியை எடுத்துக்கொண்டால் போதும்.

படியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வண்டி உரிமையாளர் அனுப்பும் வாட்ஸ்அப் படங்களில் அது மட்டும் வராது. ஊதா விளக்கு, புஷ்பேக் சீட், டிவி, திரைச்சீலை எல்லாம் வரும். படம் கேட்கும்போது, பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து, ஓர் ஆள் அருகில் நிற்கும்படி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் படி தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு வந்தால், சேலை கட்டிய எழுபது வயது அம்மா ஒருவர் ஒரு நாளில் ஆறேழு முறை ஏறி இறங்குவது நடக்கிற காரியமில்லை. கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகக் கோயில்களுக்குப் போகிறவர்களுக்கு ஒரே நாளில் அதற்கு மேலும் ஏறி இறங்க நேரும். கதவோரம் கைப்பிடிக் கம்பி இருபுறமும் இருக்கிறதா என்று பாருங்கள். கனமான பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை ஊரில் வாங்கி, கதவருகே போட்டு வைப்பது எல்லா வேனுக்கும் பொருந்தும் ஏற்பாடு. உயரம் குறைந்த, கால் அகன்ற முக்காலியாக இருக்க வேண்டும். ஓட்டுநர் அதைப் பிடித்துக்கொள்ள, ஏறுபவர் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். பின் சக்கரத்துக்கு மேலே வரும் கடைசி வரிசை இளைஞர்களுக்கு உரியது. வயிறு புரட்டும் பிள்ளைகளை அங்கே தள்ளிவிடாதீர்கள்.

குழந்தைகள் விஷயத்தில் சிங்கப்பூர்ப் பழக்கம் அங்கே தடுமாறும். இங்கே 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைக்கு உரிய தடுப்பிருக்கை கட்டாயம். இந்தியாவிலும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இருக்கைப் பட்டையாலோ குழந்தை இருக்கையாலோ பாதுகாக்க வேண்டும் என்றும், மீறினால் 1,000 ரூபாய் அபராதம் என்றும் சட்டம் இருக்கிறது. ஆனால் வாடகை வேன்களின் பின் இருக்கைகள் பலவற்றில் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும், அதுவும் சில வேளை உறைக்கு அடியில் புதைந்து கிடக்கும். தோளுக்கு மேல் வரும் பட்டையை நம்பிச் செய்யப்பட்ட குழந்தை இருக்கையை அதில் கட்ட முடியாது. கைக்குழந்தை இருக்கும் குடும்பம், பெரிய கூட்டத்தோடு சேர்ந்து போக வேண்டும் என்ற ஆசையைச் சற்று விட்டுக்கொடுத்து, பின்னால் ஓர் இன்னோவா கிரிஸ்டாவில் வருவது நல்லது. அதன் நடு வரிசையில் குழந்தை இருக்கையைப் பூட்டும் கொக்கிகள் உண்டு.

மலைக்குப் போவதாக இருந்தால் வண்டியின் நீளம் முக்கியமாகிவிடுகிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நீள உடல் டிராவலர் பல வளைவுகளில் முன்பின் நகர்த்தித்தான் திரும்பும், பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார்கள். மலை ஏறும்போது ஏசி போட மாட்டோம் என்பது பெரும்பாலான வண்டிக்காரர்களின் எழுதப்படாத விதி. அதை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி வழியில் சச்சரவு வராது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது இணையவழி அனுமதிச் சீட்டு, நடைமுறை வந்திருக்கிறது. அதற்கு வண்டி எண் தேவைப்படும் என்பதால், உரிமையாளர் கடைசி நேரத்தில் "வேற வண்டி அனுப்பறேன்" என்று சொன்னால் பாஸும் மாற வேண்டியிருக்கும். சமவெளியில் பிரச்சினை வேறு: ஊருக்குள் திரும்பும் சந்து, தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, குளக்கரை மேட்டில் போகும் ஒற்றைப் பாதை. கேரியரில் பெட்டி ஏற்றிய வேனின் உயரத்தை ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லி, வீடு வரைக்கும் போகுமா என்று கேட்டுவிடுங்கள்.

இனி வாடகைப் பேச்சு. சண்டையெல்லாம் பிறக்கும் இடம் இதுதான். வெளியூர் வாடகை கிலோமீட்டர்க் கணக்கில் பேசப்படும்; டீசல் அதில் அடங்கும்; நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் ஒன்று உண்டு. அது 250 என்று பேசியிருந்தால், நான்கு நாளைக்கு 1,000 கிலோமீட்டருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும், நீங்கள் 600 மட்டுமே ஓடியிருந்தாலும். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போய்த் திரும்பினால் 120 கிலோமீட்டர்கூட வராது. அப்படிப்பட்ட நாட்களைக் கிலோமீட்டர் வாடகையில் எடுக்காமல், உள்ளூர் நாள் வாடகையாகப் பேசுவதே இலாபம். கணக்கு எங்கே தொடங்குகிறது, நீங்கள் ஏறும் இடத்திலா, வண்டி நிற்கும் ஷெட்டிலா என்பது அடுத்த கேள்வி.

"அண்ணே, கிலோமீட்டர் ஏர்போர்ட்டிலிருந்தா, ஷெட் டு ஷெட்டா?"

"ஷெட் டு ஷெட்தான் தம்பி. எல்லாருக்கும் அப்படித்தான்."

"சரிண்ணே. ஷெட் எந்த ஊரு?"

மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஷெட் மதுரையில் இருந்து நீங்கள் திருச்சியில் இறங்கினால், வருவதற்கும் போவதற்கும் சேர்த்து சுமார் 270 கிலோமீட்டர் உங்கள் தலையில் விழும். ஓட்டுநர் பேட்டா (நாள்படி), இரவுத் தங்கல், சுங்கம், பார்க்கிங், பெர்மிட் ஆகியவை தனி. திருநள்ளாறு காரைக்காலில், அதாவது புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கேயோ, குருவாயூர், திருப்பதி என்றோ எல்லை தாண்டினால் பெர்மிட் செலவு யாருடையது என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். சுங்கக் கட்டணம் ஃபாஸ்டாக் என்ற மின்னணு வில்லை வழியே உரிமையாளர் கணக்கிலிருந்துதான் போகும். கடைசி நாள் அந்தக் கட்டணங்களுக்காக அவருக்கு வந்த குறுஞ்செய்திகளைக் காட்டச் சொல்லிக் கூட்டிப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

எண் பலகை மஞ்சளாக இருக்க வேண்டும். "நம்ம பங்காளி வண்டிதான், டீசல் மட்டும் போடுங்க" என்று வெள்ளைப் பலகை வேன் வந்து நிற்கும்போது மறுப்பது சங்கடம்தான். பாசத்துக்காக ஓசியில் தருவது வேறு. பணம் வாங்கிக்கொண்டு ஓட்டினால் அது பெர்மிட் இல்லாத வாடகை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அது ஒன்றே போதுமான காரணமாகிவிடும். இந்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவை எந்தத் தேதி வரை என்று தெரியும். இந்திய கைப்பேசி எண் உள்ள உறவினரிடம் சொன்னால் இரண்டு நிமிட வேலை. ஆண்டுக்கொரு முறை வருவதற்காக ஊரில் சொந்தமாகவே ஒரு வேன் வாங்கிப் போட்டுவிடலாம் என்று ஓய்வு பெற்ற சிலர் யோசிக்கிறார்கள். மஞ்சள் பலகை என்றால் வரி, தகுதிச் சான்று, ஓட்டுநர் சம்பளம் எல்லாம் ஆண்டு முழுவதும் ஓடும். வெள்ளைப் பலகை என்றால் வாடகைக்கு விட முடியாது. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை.

சில விமானங்கள் நள்ளிரவை ஒட்டித்தான் இறங்குகின்றன. மாலையிலிருந்தே வந்து காத்திருக்கும் ஓட்டுநரை அப்படியே இராமநாதபுரத்துக்கு விரட்டாதீர்கள். திருச்சியிலேயே அறை எடுத்துத் தங்கிவிட்டு விடிந்தபின் புறப்படுங்கள். இந்தியத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்கிறது. நடைமுறையில் பேட்டா ஆசையில் பதினாறு மணி நேரம்கூட ஓட்டச் சம்மதிப்பவர்கள் உண்டு. சம்மதிக்கிறார் என்பதற்காக நாம் கேட்கக் கூடாது. இத்தகைய வேன்களில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைத்து நாளைத் திட்டமிடுங்கள்; கார் நான்கு மணி நேரத்தில் போகும் தூரத்துக்கு வேனுக்கு ஐந்தரை மணி நேரம் ஒதுக்குவதே நியாயம்.

எப்போது முன்பதிவு செய்வது என்பது நம் பள்ளி விடுமுறையால் தீர்மானிக்கப்படுகிறது. ஜூன் விடுமுறை வைகாசி, ஆனி முகூர்த்தங்களோடு மோதும். நவம்பர் டிசம்பர் விடுமுறை முழுவதும் சபரிமலைக் காலத்தோடு மோதும். மார்கழியில் கல்யாணம் இல்லை, வண்டி சும்மா கிடக்கும் என்று நினைப்பது தப்புக்கணக்கு. கார்த்திகை பிறந்ததும் நல்ல வேன்கள் ஐயப்பன் கோயிலுக்கு மாலை போட்டவர்கள் கைக்குப் போய்விடும், எஞ்சியவை பழைய வண்டிகள். டிசம்பருக்குப் போகிறவர்கள் செப்டம்பரிலேயே வண்டி எண்ணோடு உறுதி செய்துகொள்வது நல்லது. முன்பணத்தை மாமா கையிலிருந்து கொடுக்க வைக்கத் தேவையில்லை. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ், இந்தியாவின் யுபிஐ என்ற உடனடிப் பணம் அனுப்பும் முறைகள் இரண்டும் இணைக்கப்பட்டபின், இங்குள்ள சில வங்கிகளின் செயலி வழியாகவே ஊரில் ஒருவர் கணக்குக்கு நேராக அனுப்ப முடிகிறது. வாடகையில் கால் பங்குக்கு மேல் முன்பணம் கேட்டால் வேறு வண்டி பாருங்கள். ஏறும் நாளிலும் இறங்கும் நாளிலும் ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் எண்ணை, ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும்போதே, கைப்பேசியில் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.