ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லையா? அவசரப்பட்டு இவற்றைச் செய்யாதீர்கள்

புதிதாக அசெம்பிள் செய்த பிசியில் ஃபேன் சுற்றும், ஆர்ஜிபி கலர் விளக்குகள் மின்னும், மானிட்டர் மட்டும் கறுப்பாகவே கிடக்கும். உடனே "மதர்போர்டு போச்சு" என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு.

டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் என்றால் கொஞ்சம் பொறுங்கள். முக்கியமாக ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டுகள், முதல்முறை ஆன் ஆகும்போது ரேமுக்கு எந்த அமைப்பு ஒத்துவரும் என்று தாமே சோதித்துப் பார்க்கும். இதை மெமரி ட்ரெய்னிங் என்பார்கள். சில நிமிடங்கள் ஆகும், ரேம் அளவு கூடினால் நேரமும் கூடும். திரையில் எதுவும் வராது. நடுவில் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்துதான். ஆன் செய்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

அப்புறமும் வரவில்லையா? எச்டிஎம்ஐ கேபிளைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு போட்டுவிட்டு, கேபிளை மதர்போர்டில் செருகியவர்கள் ஏராளம். ஐ5-12400எஃப், ரைசன் 5 5600எக்ஸ் போன்ற பிராசசர்களில் உள்ளே கிராபிக்ஸே கிடையாது. மதர்போர்டில் உள்ள போர்ட்டில் செருகிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படம் வராது.

அடுத்தது பிராசசருக்குப் பவர் தரும் 8 பின் கேபிள். இது இல்லாவிட்டாலும் ஃபேன்கள் ஜோராகச் சுற்றும், ஏமாந்துவிடுவோம். நானே ஒருமுறை ரேம்தான் கெட்டுவிட்டது என்று கடைவரை போய் நின்றேன். கடைக்காரர் அந்தக் கேபிள் செருகாமல் காலியாகக் கிடந்த போர்டின் மேல் மூலையைக் காட்டிச் சிரித்தார். கிராபிக்ஸ் கார்டின் 8 பின்னும் பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் அது 6+2 ஆகப் பிரியும், பிராசசருடையது 4+4. மாற்றி அழுத்திச் செருகாதீர்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் (பவர் சப்ளை) மாடுலர் கேபிளை, அதாவது தனியாகக் கழற்றி மாட்டும் கேபிளை, புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் போடுவது. கேபிளின் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் பின்கள் எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. செருகும்போது கச்சிதமாகப் பொருந்தும். ஆன் செய்தால் எஸ்எஸ்டி கருகிவிடலாம்.

பல போர்டுகளில் சிபியு (பிராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (ஓஎஸ் உள்ள டிரைவ்) என்று நான்கு குட்டி எல்இடிகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ, கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அதைப் பார்க்காமலே எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றி மாட்டினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. டிரேம் விளக்கு எரிந்தால் ஒரே ஒரு ரேமை, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில், 'டக்' சத்தம் வரும்வரை அழுத்திப் போட்டுப் பாருங்கள். சிபியு விளக்கு என்றால், பிராசசர் போர்டைவிடப் புதிய மாடலா என்று பாருங்கள். பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால் போதுமானதாக இருக்கலாம்.

எதற்கும் அசையவில்லை என்றால், போர்டைக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வையுங்கள். பிராசசர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் போதும். பிராசசரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டும் வேண்டும். பவர் சுவிட்ச் மாட்டும் இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு கணம் தொடுங்கள். அங்கே டிஸ்ப்ளே வந்துவிட்டால், கேபினெட்டுக்குள் போர்டின் அடியில் வேண்டாத இடத்தில் ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) முட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள்.