நிகரக் கதிர்வீச்சு சென்சார்: கீழ்ப் பக்கத்தையும் பாருங்கள்

நிகரக் கதிர்வீச்சு சென்சாரைப் பொருத்தும்போது நம் கவனமெல்லாம் மேல் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் பிழை கீழிருந்தும் வரும். மேலிருந்து வரும் கதிர்வீச்சில் தரையிலிருந்து மேலே போவதைக் கழித்தால் கிடைப்பதுதான் இந்த அளவு. 2 மீட்டர் உயரத்தில் வைத்தால், கீழ் சென்சார் பெறுவதில் ஏறத்தாழ 99 சதவீதம் 20 மீட்டர் ஆரமுள்ள வட்டத்திலிருந்து வருகிறது. நேர் கீழே உள்ள தரைக்குத்தான் பங்கு அதிகம். அங்கே நீங்களே நடந்து நடந்து புல்லைத் தேய்த்துவிட்டால், அளப்பது வயலை அல்ல, உங்கள் ஒற்றையடிப் பாதையை! பராமரிக்கப் போகும்போது பக்கவாட்டிலிருந்து அணுகுங்கள்.

அப்புறம், பனித்துளி. தரையும் வானமும் வெளியிடும் வெப்பக் கதிர்களான நெட்டலைக் கதிர்களைத் தண்ணீர் கடத்தாது. தெளிந்த இரவில் சதுர மீட்டருக்கு மைனஸ் 60 வாட் அளவில் நின்ற எண், மேகமே இல்லாமல் விடியலில் பூஜ்யத்தை நோக்கி ஏறினால், முதலில் சென்சாரை மூடியிருக்கும் குமிழைப் போய்ப் பாருங்கள். பொடிப்பொடியாக முத்துக் கோத்தது போல நீர் நிற்கும்.

துடைக்கக் காய்ச்சி வடித்த நீரும் மென்துணியும் போதும். பாலிதீன் குமிழ் என்றால் அழுத்தவே கூடாது, கீறல் விழுந்துவிடும். வெளுத்தாலோ விரிசல் விட்டாலோ உடனே மாற்றிவிடுங்கள். துடைத்த நேரத்தை மறக்காமல் குறித்து வையுங்கள். அந்தச் சில நிமிடத் தரவை நீக்க வேண்டியிருக்கும். ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா என்றும் ஒரு பார்வை.