மினிடிவி டேப்பைக் கணினிக்கு ஏற்றும்போது படத்தைக் கெடுக்கும் தவறுகள்

பழைய வீடியோ கேமராக்களில் பயன்பட்ட சிறு டிஜிட்டல் கேசட்டுகளான மினிடிவி (MiniDV) டேப்புகளைக் கணினிக்கு ஏற்றத் தொடங்குபவர்கள், படம் மங்கலாக இருக்கிறது, அசையும் இடங்கள் கிழிந்தாற்போல் தெரிகின்றன, இதைச் சரிசெய்ய எந்த மென்பொருள் நல்லது என்று கேட்கிறார்கள். கேமராவிலிருந்து கணினிக்குப் படம் எந்தக் கேபிள் வழியாக வந்தது என்பதுதான் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி. பெரும்பாலும் கோளாறு அங்கேயே தொடங்கியிருக்கும். ஒரு காலத்தில் நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில் புதியவர்களும் விழுவதைத் தொடர்ந்து பார்த்து வருவதால் இதை எழுதுகிறேன். பேட்டரியை ஏற்றாமல் தொடங்குவது போன்றவற்றை யாரும் இரண்டாம் முறை செய்யமாட்டார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மஞ்சள் கேபிள் வழியாக ஏற்றுவது

1995-இல் அறிமுகமான மினிடிவி வடிவத்தில், லென்ஸ் கண்ட காட்சி டேப்பில் பதிவதற்கு முன்பே கேமராவுக்குள் டிஜிட்டலாக மாற்றப்பட்டு, நொடிக்கு 25 மெகாபிட் அளவுக்குச் சுருக்கப்பட்டுவிடுகிறது. இந்தியா போன்ற நாடுகளின் பால் (PAL) தொலைக்காட்சி முறைக் கேமராவானால் 720×576 பிக்சல், நொடிக்கு 25 பிரேம். அமெரிக்கா போன்ற நாடுகளின் என்டிஎஸ்சி (NTSC) முறையானால் 720×480 பிக்சல், நொடிக்கு 29.97 பிரேம். ஆகவே டேப்பில் இருப்பவை எண்கள். டிஜிட்டல் தரவைக் கடத்தும் ஃபயர்வயர் (FireWire) கேபிள் அந்த எண்களை அப்படியே கணினிக்குக் கொண்டுவருகிறது. சோனி கேமராக்களில் இந்தக் கேபிளைச் செருகும் துளையின் மேல் ஐ.லிங்க் என்று எழுதியிருக்கும். இந்த வழியில் நடப்பது ஒரு கோப்பைப் படி எடுப்பதற்கு ஒப்பான வேலை. இதில் தரம் கூடவும் வழியில்லை, குறையவும் வழியில்லை. ஒரு மணி நேர டேப் ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் பிடிக்கும்.

அனலாக் வீடியோவுக்கான மஞ்சள் கேபிளை மாட்டி, மறுமுனையில் அனலாக் படத்தை டிஜிட்டலாக்கும் யூஎஸ்பி கேப்சர் குச்சி ஒன்றைச் செருகினால் நடப்பது முற்றிலும் வேறு. கேமரா அந்த எண்களை அனலாக் சிக்னலாக மாற்றுகிறது. ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து பயணிக்கின்றன. குச்சி அவற்றை மீண்டும் பிரித்து, மீண்டும் டிஜிட்டலாக்கி, மென்பொருளோடு சேர்ந்து இன்னொரு முறை சுருக்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒன்று போய்விடுகிறது. எஸ்-வீடியோ கேபிள் ஒளியையும் நிறத்தையும் தனித்தனியே கொண்டுவருவதால் சற்று மேல் என்றாலும், மறுபடி டிஜிட்டலாக்கும் வேலை அதிலும் உண்டு.

ஒரு நண்பர் தம் மகளின் நடன நிகழ்ச்சியை இப்படி எம்பி4 கோப்பாக மாற்றிக்கொண்டுவந்து, தெளிவாக்கித் தரும்படி கேட்டார். ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பார்த்தோம். குழந்தை கையை வேகமாக உயர்த்தும் இடத்தில் பாதி தெரிந்தும் தெரியாமலும் இரண்டு கைகள் இருந்தன. பாவாடையின் சிவப்பு, துணியின் விளிம்பைத் தாண்டிப் பின்திரையில் வழிந்திருந்தது. முகத்தில் கண்ணும் வாயும் இருந்த இடம் தெரிந்ததே தவிர, முகபாவம் தெரியவில்லை. மூல டேப்பைக் கேட்டபோது, கணினியில் ஏற்றியாயிற்று என்ற நம்பிக்கையில் அதன் மேல் வேறொரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்துவிட்டதாகச் சொன்னார். நிகழ்ச்சியின் பிற்பகுதி இருந்த இரண்டாவது டேப் மட்டும் தப்பியிருந்தது. அதை ஃபயர்வயர் வழியாக ஏற்றினோம். அதே மேடை, அதே விளக்கு, அதே கேமரா. ஆனால் முத்திரை பிடிக்கும் விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. முற்பகுதிக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. டேப்பிலிருந்து கோப்புக்கு வராமலே போன விவரத்தை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

“இந்தப் பழைய டேப்புக்கு இது போதும், வித்தியாசம் தெரியாது” என்று சொல்லி இந்த வழியை இன்றும் பரிந்துரைப்பவர்கள்மீது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. விஎச்எஸ் போன்ற அனலாக் டேப்புக்கு அந்தக் குச்சி தேவைப்படலாம். மினிடிவிக்கு அது வேண்டாத சுற்றுவழி. கணினியில் ஃபயர்வயர் இல்லை என்பதுதான் தடையென்றால், மேசைக் கணினியில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் பொருத்தலாம், அல்லது அந்தத் துளை உள்ள பழைய மடிக்கணினி ஒன்றை இந்த வேலைக்காக மட்டும் இரவல் வாங்கலாம். ஒரு முனையில் ஃபயர்வயரும் மறுமுனையில் யூஎஸ்பியும் உள்ள வெறும் கேபிளை வாங்கிவிடாதீர்கள். இரண்டும் வெவ்வேறு முறையில் பேசுபவை என்பதால், முனையை மாற்றினால் மட்டும் படம் வராது. கேமராவிலேயே உள்ள யூஎஸ்பி துளையும் பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் மெமரி கார்டில் உள்ள புகைப்படங்களுக்காகவோ, வெப்கேம் அளவிலான சிறிய படத்துக்காகவோ வைக்கப்பட்டது.

இதே தவறு ஃபயர்வயர் வழியாக ஏற்றும்போதும் வேறு உருவில் நுழைகிறது. சில மென்பொருள்கள், கேட்காமலே, வரும் படத்தை அங்கேயே சுருக்கிச் சேமிக்கின்றன. விண்டோஸ் மூவி மேக்கரில் டேப்பில் உள்ளபடியே சேமிக்கும் டிவி-ஏவிஐ என்ற தேர்வை நாமே தேடிப்பிடித்துக் குறிக்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிகாபைட் வர வேண்டிய கோப்பு 1 ஜிகாபைட்டில் முடிந்திருந்தால், மகிழ்ச்சியடையாமல் அமைப்புகளைத் திறந்து பாருங்கள்.

அசைவில் தெரியும் வரிகளைக் கேப்சரின்போதே (கணினிக்கு ஏற்றும்போதே) நீக்குவது

இந்த வரிகள் கோளாறு அல்ல. பால் முறையில் ஒவ்வொரு பிரேமும், நொடியில் 50-இல் ஒரு பங்கு இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு ஃபீல்டுகளின் சேர்க்கை. ஒற்றை வரிகள் ஒன்றிலும் இரட்டை வரிகள் மற்றொன்றிலும் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் கணினித் திரையில் காட்டும்போது, அந்த இடைவெளியில் நகர்ந்த பொருளின் விளிம்பு சீப்புப் பல்போலத் தெரிகிறது. கேப்சரில் இதைத் தொடாதீர்கள். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பார்ப்பதற்கான படியில் மட்டும் யாடிஃப், பிடபிள்யூடிஃப், க்யூடிஜிஎம்சி என்ற மென்பொருள் வடிகட்டிகளில் ஒன்றைக் கொண்டு வரிகளை நீக்கி, நொடிக்கு 50 பிரேமாக வெளியிட்டால் அசைவின் இயல்பும் கெடாது. மினிடிவியில் கீழ் ஃபீல்டுதான் முதலில் வரும். இதை மாற்றிக் குறித்துவிட்டால், நடந்து போகிறவர் முன்னும் பின்னுமாக உதறிக்கொண்டு போவார்.

சதுரக் கட்டங்களுக்குக் கணினியைக் குறைசொல்வது

படத்தில் சதுரக் கட்டங்கள் தெரிந்தால், முதலில் கேமராவின் சிறு திரையில் அதே இடத்தை ஓட்டிப் பாருங்கள். கட்டங்கள் அங்கேயும் தெரிந்தால் கோளாறு டேப்பிலோ, அதைப் படிக்கும் ஹெட்டிலோ இருக்கிறது. கோப்பில் மட்டும் தெரிந்தால் கேபிளையும் கணினியையும் பாருங்கள். சுழலும் உருளையில் உள்ள இரண்டு வீடியோ ஹெட்டுகளில் ஒன்றில் அழுக்குப் படிந்தால், படம் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரிந்து, ஒன்றுவிட்டு ஒரு பட்டை உறைந்து நிற்கும். உலர் கிளீனிங் கேசட்டை அதன் உறையில் குறித்த சில நொடிகள் மட்டும் ஓட்டுங்கள். அது ஹெட்டைத் தேய்த்துத்தான் சுத்தம் செய்கிறது என்பதால் அடிக்கடி பயன்படுத்துவது நல்லதல்ல. ஒரே டேப்பில் கூடுதல் நேரம் பதியும் எல்பி (லாங் ப்ளே) முறையில் பதிந்த டேப்பில் தடத்தின் அகலம் 10 மைக்ரானிலிருந்து 6.67 மைக்ரானாகக் குறைந்துவிடுவதால், பதிவுசெய்த கேமராவிலேயே ஓட்டுவதுதான் பாதுகாப்பு. அப்படியும் கட்டங்கள் வந்தால், அதே டேப்பைச் சில முறை ஏற்றி, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த பகுதிகளை டிவிரெஸ்க்யூ என்ற மென்பொருளைக் கொண்டு ஒன்றிணைக்கலாம்.

விட்டுப்போன பிரேம்களை எண்ணாமல் விடுவது

ஃபயர்வயரில் ஓடும் இந்தத் தரவு, வழியில் தவறினால் மறுபடி அனுப்பப்படுவதில்லை. ஏற்றும் நேரத்தில் வேறு வேலை எதையும் கணினிக்குக் கொடுக்காதீர்கள். முடிந்ததும் விடுபட்ட பிரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். சேமிக்கும் வட்டு ஃபேட்32 முறையில் இருந்தால், 4 ஜிகாபைட் எல்லையில், அதாவது ஏறத்தாழ 20 நிமிடத்தில், கோப்பு நின்றுவிடும்.

கேமரா ஓடும்போதே ஃபயர்வயர் கேபிளைச் செருகுவது

வேண்டாம். கேமராவையும் கணினியையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். துளைக்குள் இருக்கும் சுற்று எரிந்துபோகக்கூடும்.

அகலத்திரைப் படத்தை 720×576 என்றே வெளியிடுவது

ஆட்கள் ஒல்லியாவார்கள். பார்க்கும் படியை 1024×576 ஆக வெளியிடுங்கள்.

முன்னோட்டச் சாளரத்தைப் பார்த்துத் தரத்தை முடிவுசெய்வது

கேப்சர் மென்பொருளின் சிறு சாளரம் பல நேரங்களில் பாதி விவரத்தோடுதான் காட்டும். சேமித்த கோப்பை விஎல்சி போன்ற ஒன்றில், வரிகளை நீக்கிக் காட்டும் டீஇன்டர்லேஸ் வசதியை இயக்கி, முழு அளவில் பாருங்கள். இப்படி முழு டேப்பையும் பார்த்து முடித்து, வேறொரு வட்டிலும் ஒரு படி வைக்கும்வரை, மேலே வேறெதுவும் பதிவாகாமல் இருக்க, கேசட்டின் முதுகில் உள்ள சிறு பொத்தானை ‘சேவ்’ பக்கம் தள்ளியே வைத்திருங்கள்.